இனாமின் விலை

ஒரு படி அரிசியைக்கூட இனாமாகத் தராத உலகில், கோடி கோடியாகச் செலவிட்டுச் செய்த செல்போன் செயலியை மட்டும் முதலாளிகள் ஊருக்கெல்லாம் இனாமாகக் கொடுப்பானேன்? முந்திரி ஆலையிலும் நூற்பாலையிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் உழைப்போர் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

2015 பிப்ரவரியில் பேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்று முழங்கியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! கம்பெனி அனுமதித்த சில தளங்கள் மட்டுமே இலவசம்; மற்றவற்றுக்குக் காசு. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்தது.

ஆனால் இனாம் வலை ஓயவில்லை. செயலியைப் போனில் ஏற்றும்போது 'சம்மதம்' என்று அமுக்கச் சொல்கிறார்களே, அங்கேதான் விலை வசூலாகிறது. நாம் இருக்கும் இடம், போட்டோ, பதிந்து வைத்த நம்பர்கள் எனப் பலவும் கைமாறுகின்றன. அவற்றைக் காட்டி விளம்பரம் விற்று லாபம் குவிக்கிறார்கள். வாட்ஸப் விவரங்களைத் தன் மற்றக் கம்பெனிகளுடன் பகிர 2021-ல் நிர்ப்பந்தித்ததற்காக, மெட்டாவுக்குப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இதனினும் கொடியது கடன் செயலி. தவணை ஒருநாள் தவறினால், போனிலிருந்து உருவிய நம்பர்களுக்கெல்லாம் அழைத்து, சம்பந்தி முதல் மேஸ்திரி வரை சொல்லி மானத்தை வாங்குகிறார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் நம்பர் பட்டியலைத் தொடக்கூடாதென்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கள்ளச் செயலிகளுக்கு அது பொருட்டல்ல.

"என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்பார் சிலர். உங்கள் போனில் சங்கத் தோழர்களின் நம்பர்களும் இருக்கின்றனவே! நீங்கள் ஒருவர் சம்மதித்தால், கேட்கப்படாமலே நூறு பேரின் பெயர் போய்விடுகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கான சட்டம் வர 2023 ஆயிற்று. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. இனியும் இழுத்தடிக்காமல் சட்டத்தை முழுமையாக அமல் செய்! சம்மத வாசகத்தை எளிய தமிழில் கொடு! இதுவே சர்க்காரிடம் நமது கோரிக்கை.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் போன்களை எடுத்து வைத்துப் பாருங்கள். டார்ச் விளக்குச் செயலிக்கு நம் நம்பர்கள் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் மிரட்டல் வந்தால் 1930-க்குப் புகார் செய்யுங்கள். தனியாகக் கிடந்து தவிக்க வேண்டாம், சங்கத்துக்கு வாருங்கள்.