மலைக்குப் பெயர் இருக்கிறது

சென்ற மாதம் அரிட்டாபட்டியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டோம். "மலைக்குப் போகணும் ஐயா" என்றதும் கம்பை ஊன்றி நின்று, "எந்த மலைக்கு தம்பி?" என்றார். எதிரே தெரிந்ததெல்லாம் எங்களுக்கு ஒரே மலை. அவருக்கோ அது கழிஞ்சமலை, நாட்டார்மலை, இராமாயி மலை, கழுகுமலை, தேன்கூட்டு மலை. ஒவ்வொன்றையும் கம்பால் சுட்டிச் சொன்னார். வந்த மூவரில் இருவர் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மதுரைக்கும் இந்த ஊருக்கும் சுமார் 25 கிலோமீட்டர்தான் தூரம். அவருடைய கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டு அவரே கூட வந்தார். முதலில் இடைச்சி மண்டபம். பாறையைக் குடைந்து செய்த மேற்குப் பார்த்த சிவன் கோயிலுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் அது. 7, 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரு புறம் பிள்ளையார். மறு புறம் கையில் தடியோடு அமர்ந்திருப்பவர் லகுலீசர். லகுலம் என்றால் தடி. குஜராத் பக்கம் தோன்றிய பாசுபத நெறியின் ஆசான், மேலூர்ப் பாறையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். நம் மண் எந்தக் காலத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்ததில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

அங்கிருந்து குகைத்தளத்துக்குப் போனோம். "இது பஞ்சபாண்டவர் படுக்கை" என்றார் பெரியவர். மதுரையைச் சுற்றியுள்ள சமணப் படுக்கைகள் பலவற்றுக்கும் மக்கள் வழக்கில் இதுதான் பெயர். பாறையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழிந்துவிடாமல் முன்னாலேயே சொட்டும்படி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டி எழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் கோடுகள் எழுந்து நிற்கின்றன. நேர் வெளிச்சத்தில் பாறைதான் தெரிகிறது. தமிழ் பிராமியில் வெட்டப்பட்ட இந்த வரி 1971-இல்தான் கண்டறியப்பட்டது. நெல்வெளியைச் சேர்ந்த வெளியன் என்பவன் இந்த 'முழாகை'யைச் செய்து கொடுத்தான் என்கிறது. முழாகை என்றால் குகை. முழை என்ற சொல்லைப் படித்திருக்கிறோம். அதன் உறவுக்கார மூத்த சொல் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கிறது. அதே குன்றில் இன்னொரு பழந்தமிழ்க் கல்வெட்டு 2003-இல் கிடைத்தது. முதலாவதைக் கண்டு 32 ஆண்டுகள் கழித்து, அதே குன்றில்!

பெரியவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த விரிசலில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும், எந்தப் பொந்தில் வல்லூறு இறங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சுனையை மறைத்திருந்த புல்லை விலக்கி, "இதுல கால் வைக்காதீக, குடிக்கிற தண்ணி" என்றார். சுனையைச் சுத்தமாக வைக்கச் சொல்லி அங்கே பலகை எதுவும் இல்லை. ஊர் வழக்கமே காவல்.

பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஓவாமலை இருக்கிறது. மாங்குளம் கல்வெட்டு என்று வரலாற்று நூல்கள் பேசுவது இதன் குகைகளில் உள்ள எழுத்துகளைத்தான். அவை வாசிக்கப்பட்ட கதையை நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1882-இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றைக் கண்டார். அசோகர் காலத்து எழுத்தின் சாயல் இருந்ததால் அறிஞர்கள் பிராகிருதமாகப் படித்துப் பார்த்தார்கள், பொருள் சரியாக அமையவில்லை. மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தது 1924-இல். வடக்கே இல்லாத ழ, ள, ற, ன ஒலிகளுக்கென்று இங்கே தனி வடிவங்கள் இருந்ததை அவர் கவனித்தார். அங்கே பொறிக்கப்பட்ட நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டது 1965-இல். கண்ணில் பட்டதிலிருந்து அரசன் பெயரைப் படிப்பதற்கு 83 ஆண்டுகள்! இத்தனைக்கும் அரசன் மட்டும் அங்கே பேசவில்லை. வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகக் குழுவினர், தாங்கள் கொடுத்த கொடையையும் அதே மலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு அளவில் துறவிக்கு நிழல் செய்து கொடுத்துவிட்டுத் தன் பெயரைப் பாறையில் வெட்டச் சொன்ன வணிகனை நினைத்துக்கொண்டே அந்தச் செங்குத்தான ஏற்றத்தை ஏறினேன். மூச்சு வாங்கியது பெரிதாகத் தெரியவில்லை.

கீழவளவுக்கும் போனோம். தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்கிறது அங்குள்ள கல்வெட்டு. கடற்கரைத் துறைமுகத்து ஆள் இவ்வளவு உள்ளே வந்து கொடை செய்திருக்கிறார். எழுத்துகளில் சில தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏன் என்று யோசித்தபடி கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றோம். திரும்பியபோது குன்றின் மற்றொரு முகம் தெரிந்தது. ரொட்டியை அறுத்தது போல நேர்கோட்டில் அறுத்து, கிரானைட் கட்டிகளாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுத்துள்ள பக்கம் மிஞ்சியிருக்கிறது. எழுத்தில்லாத பக்கத்தில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் சொல்லப் போவதில்லை. அன்று மதியம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அரிட்டாபட்டிக்கும் அதே கதி நெருங்கி வந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இராசாளிக் கழுகும் இங்கே உண்டு. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், இந்த இடத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. ஏலத் தாளில் அதற்குப் பெயர் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி'. கழிஞ்சமலை இல்லை, இடைச்சி மண்டபம் இல்லை. ஒரு தொகுதி, அவ்வளவுதான்.

ஊர்மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாள்களில் நான் மறக்காத ஒன்று உண்டு. பேச வந்த பெண்கள் பொதுவாக 'இயற்கை' என்று சொல்லவில்லை. கண்மாய்ப் பெயரைச் சொன்னார்கள், சாமியின் பெயரைச் சொன்னார்கள், மலையைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கூடவே, எங்கள் மலையில் இரண்டாயிரம் வருஷத்து எழுத்து இருக்கிறது என்றும் சொன்னார்கள். கல்வெட்டு ஆய்வாளர் சொன்னதும் பாட்டி சொன்னதும் ஒரே வாயிலிருந்து வந்தன. அதனால்தான் அந்தக் குரலை யாராலும் ஒதுக்க முடியவில்லை என்று நம்புகிறேன்.

இது ஒரே நாளில் கூடிவந்ததல்ல. யானைமலையைக் காக்கும் முயற்சியை ஒட்டி 2010 வாக்கில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மதுரை மக்களை இந்தக் குன்றுகளுக்கு அழைத்துப் போயிருக்கிறது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் மரத்தடியில் நின்று கல்வெட்டைச் சொல்ல, குழந்தைகளும் பாட்டிமாரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு மலையைக் காலால் நடந்து அறிந்த ஆயிரம் பேர், அதன் பெருமையை வாயால் முழங்கும் லட்சம் பேரைவிட அந்த மலைக்குத் துணை. நம்முடைய பழம்பெருமைப் பேச்சில் எனக்குள்ள வருத்தம் இதுதான்: உலகின் மூத்த குடி என்று எழுதுகிறோம், பக்கத்துக் கரட்டில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்ப்பதில்லை. ஏறியவர்களில் சிலர் படுக்கையின் மேலேயே பெயிண்டால் தம் பெயரை எழுதிவிட்டு வருகிறார்கள். பழைய எழுத்தை மதிக்கும் கண்ணை வீட்டிலும் பள்ளியிலும் நாம்தான் கொடுக்கத் தவறியிருக்கிறோம்.

அடுத்த இதழிலிருந்து கடைசி நான்கு பக்கங்களை இதற்கென்றே ஒதுக்குகிறோம். உங்கள் ஊர்க் கரடு, கண்மாய், சுனை, கோயில்காடு என எதைப் பற்றியும் எழுதலாம். ஆய்வுக் கட்டுரையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊரார் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். அந்தப் பெயரை யாரிடம் கேட்டீர்கள், அங்கே எந்த மாதம் எந்தப் பறவை வரும், தண்ணீர் எதுவரை நிற்கும், பாறையில் கீறல் ஏதாவது தெரிகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துப் போலத் தெரிந்தால் சுண்ணாம்பு தடவ வேண்டாம், காலை எட்டு மணிக்குள் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது எங்கள் பொறுப்பு. முதல் கட்டுரையை அரிட்டாபட்டிப் பெரியவரின் பேரன் எழுதுகிறான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். தாத்தா சொல்லச் சொல்ல மலைகளின் பெயர்களை நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டான்.