ஆளுக்கொரு சர்க்கரை ஜாடி

என் கணவரின் வேலை நிமித்தம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினோம். அடுத்த வீட்டில் எண்பத்து நாலு வயதுப் பாட்டி, தனியாக. ஒரு நாள் எங்கள் வீட்டுக்குக் காபி சாப்பிட வந்திருந்தார். மீந்து போன ரொட்டியை நான் குப்பையில் போட்டதைப் பார்த்து விட்டார். ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் மாறிப் போச்சு. நாலு துண்டு ரொட்டிக்கா இப்படி என்று எனக்குக் கோபம் கூட வந்தது.

அப்புறம் அவராகவே சொன்னார். 1945-ல் யுத்தம் முடிந்தபோது அவருக்கு ஆறு வயசு. ஜெயித்த நாடுதானே, இனி எல்லாம் தாராளமாகக் கிடைக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? யுத்தத்தின்போது கூட ரேஷனில் இல்லாத ரொட்டிக்கு 1946 ஜூலையில் ரேஷன் வந்து விட்டதாம்! உலகம் பூராவும் கோதுமைத் தட்டுப்பாடு. தோற்ற ஜெர்மனியில் தங்கள் வசமிருந்த பகுதி ஜனங்களுக்கும் இவர்களே சாப்பாடு போட வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் இந்தக் கூத்து. துணிக்கு 1949 வரை கூப்பன். கடைசியாக இறைச்சிக்கு ரேஷன் போனது 1954-ல்.

சர்க்கரை தலைக்கு வாரம் 8 அவுன்ஸ், அதாவது கால் கிலோ கூட இல்லை. பிள்ளைகள் சண்டை போடாமலிருக்க, அம்மா ஆளுக்கொரு ஜாடியில் பிரித்துப் பேர் எழுதி வைப்பாராம். 1947 குளிர்காலம், பயங்கரப் பனி, அடுப்புக்கு நிலக்கரியும் சரியாகக் கிடைக்காது. இவர் தினம் ஒரு ஸ்பூன் அண்ணன் ஜாடியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக் கொள்வார். ஆனால் ஜாடி குறையவே இல்லை! தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாராம். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், அம்மா தன் ஜாடியிலிருந்து அண்ணன் ஜாடிக்குப் போட்டுக் கொண்டிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரவில்லையாம். 1953-ல் சர்க்கரைக்கு ரேஷன் நீங்கியதும், அம்மாவுக்கு இரண்டு ஸ்பூன் போட்டு டீ கலந்து கொடுத்தாராம். "ஒரு வாய் குடித்து விட்டு, திகட்டுதும்மா என்று வைத்து விட்டாள். கடைசி வரை வெறும் டீதான்" என்றபோது பாட்டிக்குக் குரல் கம்மியது.

மறுநாளே பாட்டியிடம் பிரெட் புட்டிங் கற்றுக் கொண்டேன். பழைய ரொட்டியைப் பாலில் ஊற வைத்துப் பிசைந்து, உலர்ந்த திராட்சை, துளி பட்டைப் பொடி, உருக்கிய வெண்ணெய் சேர்த்து அவனில் வேக வைக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன்.

"வீட்டில் இருக்கிறதைப் பொறுத்து" என்றார்.