ஊழியம்னா மைக் மட்டும்தானா?

"ஊழியம் செய்ய வாங்க தம்பி" என்று சர்ச்சில் கூப்பிட்டதும் பசங்க கண் போவது இரண்டே இடத்துக்குத்தான். ஒன்று மைக், இன்னொன்று கீபோர்டு. இரண்டும் வராதவர்கள் காணிக்கைப் பையோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெண்கள் அன்பின் விருந்துக்கு நாள் முழுக்கச் சமைத்தாலும் அதற்குப் பெயர் ஊழியம் இல்லையாம், 'உதவி'யாம்!

மற்ற ஊர்க்காரர்கள் எப்படியோ, திண்டிவனத்துக்காரர்கள் இப்படி நினைக்கக் கூடாது.

1890ல் ஐடா ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து இந்த ஊருக்கு வந்தது உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான். மிஷனரி வேலையே வேண்டாம், சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தவர். அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர், மிஷனரியும்கூட. ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூன்று வீட்டிலும் மனைவி பிரசவ வலியில். அப்பா வருவார் என்று ஐடா சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த வீட்டில் ஜெபம் இருந்தது, மருந்து இருந்தது, டாக்டரே இருந்தார். தேவைப்பட்ட ஆள் மட்டும் இல்லை. ஐடா திரும்பிப் போய் 1899ல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கை. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

ஆக, "உனக்கு என்ன தாலந்து?" என்று கேட்பது பாதிக் கேள்வி. யார் வந்து தட்டிவிட்டு வெறுமனே போகிறார்கள் என்பது மீதி.

இன்றும் தட்டுகிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்து ஜிப்மருக்குப் போகிற, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எந்த வரிசை என்று தெரியாமல் நிற்கிற பாட்டிக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். விதவைப் பென்ஷன் மனு எழுதிக்கொடுக்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்ப, சபைக் கணக்கை ஒழுங்காக எழுத ஆள் வேண்டும். பி.காம். பையன்கள் எதற்கு இருக்கிறார்கள்?

"இதெல்லாம் சமூக சேவை, ஊழியம் இல்லை" என்பவர்கள் அப்போஸ்தலர் 6ம் அதிகாரத்தைப் புரட்டட்டும். பந்தியில் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று சபையில் முறுமுறுப்பு. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள்மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார்கள். சாப்பாட்டுப் பந்தி வேலைக்கு!

சண்டே ஸ்கூல் டீச்சர்களை ஆராதனையில் முன்னால் அழைத்து ஜெபிக்கிற சபைகள், ஜிப்மர் பஸ்ஸில் துணைக்கு ஏறுகிறவர்களையும் அப்படி அழைக்கலாமே. தனி பட்ஜெட்கூட வேண்டாம், டிக்கெட் காசு போதும்.