மூத்தவளும் இளையவனும் தனியே

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை மாலையில் ஓரிரு மணி நேரம் தனியே விடலாமா என்ற கேள்வி எழுகின்றது. "மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டதே" என்பர். அவள் வயதை மட்டும் நோக்குதல் போதாது என்பதே நம் எண்ணம். இளையவன் அவள் சொற்கேட்பானா? தனியே பொறுப்பாய் இருக்கும் பிள்ளைகூடத் தம்பியோடு சேர்ந்தால் சண்டையிடும். அச்சண்டையில் அடுப்பிலிட்ட பால் மறந்துபோகும்.

நம் நாட்டுச் சட்டம் இதற்கென ஒரு வயதைக் குறிக்கவில்லை. ஆயினும், பொறுப்பிலுள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனியாது விட்டுத் துன்புறச் செய்வது, 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி குற்றம்.

முதலில் பக்கத்துக் கடைவரை சென்று கால் மணியில் திரும்புங்கள். பின்னர் அரை மணி. வந்ததும் இளையவனைத் தனியே விசாரியுங்கள். நடந்ததை அவன் மறைக்கமாட்டான்! எரிவாயு நாற்றம் வந்தால் சுவிட்சு எதையும் தொடாமல், கதவைத் திறந்து இருவரும் வெளியேறவேண்டும். இதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112 இரண்டும் மனப்பாடமாகட்டும். வீட்டில் தொலைபேசி ஒன்றை விட்டுச் செல்லாவிடில் எண்கள் அறிந்தும் பயனில்லை.

மூத்தது பெண்ணாயின், சோறூட்டல், பாத்திரம் துலக்கல் அனைத்தையும் அவள்மீதே சுமத்திவிடுகிறோம். அவளும் சிறுமியே. "பயமாயிருக்கிறது" என அவள் சொன்னால், வயது எதுவாயினும் இன்னும் சில மாதங்கள் பொறுங்கள். அதுவரை பாட்டியிடமோ நன்கறிந்த அயல்வீட்டாரிடமோ இருவரையும் விட்டுச் செல்லலாம்.