"ஊழியர்கள் எத்தனை பேர்?"

2016 ஜனவரியில் 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து, தொழில்முனைவு என்றாலே முதலீட்டாளரை ஈர்த்த தொழில்நுட்ப நிறுவனம் என்னும் எண்ணம் ஆய்வுலகிலும் வேரூன்றிவருகிறது. நாட்டின் நிலையோ வேறு. 2015-16இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று, வேளாண்மை சாராத சிறு, குறு, நடுத்தரத் தொழிலகங்களை ஏறத்தாழ 6.34 கோடி என மதிப்பிட்டது. அவற்றில் உழைத்தோர் ஏறத்தாழ 11 கோடிப் பேர். தொழிலகத்துக்குச் சராசரியாக இருவர்கூட இல்லை.

இவை ஏன் பெரிதாக வளர்வதில்லை என்பது நியாயமான கேள்வி. சாங்-டாய் ஷே, பீட்டர் கிளெனோ ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் நாற்பதாண்டு கண்ட ஆலையில், ஐந்தாண்டுக்குட்பட்ட ஆலையைவிட ஏழு மடங்குக்கும் மேலான தொழிலாளர் உள்ளனர். இந்திய ஆலைகளிடம் அத்தகைய வளர்ச்சி இல்லை. மறுக்க இயலாத வேறுபாடு இது. ஆயினும், இதனைக் கொண்டு சிறுதொழில் செய்வோருக்கு முனைப்பே இல்லை என்று முடிவுகட்டும் களஆய்வுகள், முதலில் தம் வினாத்தாளைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் களத்தில் அவசரமாக மொழிபெயர்க்கப்படும் வினாத்தாளில் "ஊழியர்கள் எத்தனை பேர்?" என்றொரு வரி இருக்கும். தையற்கடைக்காரர் "யாருமில்லை" என்பார். அருகில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் மனைவியும், இரவில் கணக்கெழுதும் மகளும் அவர் வழக்கில் ஊழியர் அல்லர். தமிழில் 'ஊழியர்' என்றாலும் இந்தியில் 'கர்மசாரி' என்றாலும் மனத்தில் தோன்றுபவர் சம்பளம் பெறுபவரே. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தவறான சொல்லைத் தேர்ந்தது. விளைவாக, மூவர் உழைக்கும் கடை ஆய்வேட்டில் ஒருவர் கடையாகிறது; விடுபடுவது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. அவ்வேட்டை நம்பி வகுக்கப்படும் கடன் திட்டத்திலும் பயிற்சியிலும் அப்பெண்களுக்கு இடமிருக்காது.

தேசிய மாதிரி ஆய்வு, ஊதியமின்றி உழைக்கும் குடும்பத்தாரையும் தொழிலாளராகவே எண்ணுகிறது. முனைவர் பட்ட ஆய்வுகள் அதனினும் குறைவான கவனத்தோடு அமைவதற்குக் காரணமேதும் இல்லை. "நேற்று இக்கடையில் யார் யார் வேலை செய்தார்கள்? எத்தனை மணி நேரம்?" என்று கேட்டாலே விடை மாறும். களத்தில் உண்மையில் கேட்கப்பட்ட மொழியிலேயே வினாத்தாளைப் பின்னிணைப்பாகச் சேர்க்குமாறு நெறியாளர்கள் வற்புறுத்தலாம். ஆங்கில மூலத்தை மட்டும் இணைக்கும் ஆய்வேடு, கடைக்காரரிடம் என்ன கேட்டது என்பதையே மறைத்துவிடுகிறது.