முப்பது நாள் எங்கே, ஐந்தாண்டு எங்கே?

கப்பல் சரக்கை இறக்கச் சட்டம் உண்டு. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம்! ஒப்புதல் பெற்ற இடத்தில், அதிகாரியின் மேற்பார்வையில்தான் இறக்கவேண்டும். முப்பது நாளுக்குள் உரியவர் எடுக்காவிட்டால் அறிவிப்புக் கொடுத்து விற்கலாம். அரசு குறிப்பிட்ட அபாயச் சரக்கு பிடிபட்டால், வழக்கு முடியுமுன்பே அகற்றவும் வழியுண்டு. ஏட்டில் குறையில்லை!

நடந்தது என்ன? சென்னைச் சுங்கத் துறையினர் 2015இல் கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், மணலிப் பக்கத்துக் கொள்கலன் கிடங்கிலே ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறக்கி ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்த இதே சரக்கு வெடித்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்தான் இங்கே லாரிகள் வந்தன. சரக்கு ஐதராபாத் போயிற்று. பெய்ரூட் வெடித்திராவிட்டால்?

அக்கம்பக்கத்தில் குடியிருப்பில்லை என்று அன்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும்! கிடங்கிலே சுமை தூக்குகிறானே, அவன் மனிதனில்லையா?

கேட்கிறோம்: எந்தக் கிடங்கில், என்ன அபாயச் சரக்கு, எத்தனை டன், எந்நாள் முதல் கிடக்கிறது? வாயிற்பலகையில் தமிழில் எழுதி மாட்டுங்கள். கிடங்குக்காரருக்குத் தெரியும், சுங்க அதிகாரிக்குத் தெரியும். பக்கத்தில் நின்று வேலை செய்கிற தோழனுக்கு மட்டும் அது இரகசியமா?