இயங்குதளம் இல்லாத கணினியும் நம் கொடுக்கல் வாங்கலும்





திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நம் சகோதரர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம் மகளுக்கு மடிக்கணினி வாங்க அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தார். துணைக்கு நாமும் சென்றோம். கடைக்காரர் ஒரே மாதிரியான இரண்டு கணினிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் விண்டோஸ் இருந்தது. மற்றொன்று ‘டாஸ் லேப்டாப்’. விலை சில ஆயிரம் ரூபாய் குறைவு. “இதையே எடுங்க பாய். விண்டோஸை நாங்களே போட்டுத் தந்துடுறோம், முந்நூறு ரூபாய் குடுத்தாப் போதும்” என்றார்.

சகோதரரின் முகம் மலர்ந்தது. வானம் பார்த்த கரிசலில் மிளகாய் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்பது சிறு தொகையன்று. ஆனால் அருகில் நின்ற மகள் மெல்லக் கேட்டாள்: “அதுக்கு உரியவங்களுக்குக் காசு கட்டியாச்சா அத்தா?”

அந்தக் கேள்விக்குக் கடையில் எவரிடமும் பதில் இல்லை. நாமும் மௌனமாகவே நின்றோம். அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் ‘டாஸ் லேப்டாப்’ என்றால் என்னவென்று பார்ப்போம். கணினியின் உறுப்புகளை இயக்கி, நம் கட்டளைகளை அவற்றுக்குக் கொண்டுசெல்லும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அதற்கும் ஒரு விலை உண்டு. விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியை வாங்கும்போது அதன் உரிமத் தொகையும் விலைக்குள் அடங்கியிருக்கிறது. அந்த உரிமம் இல்லாமல் விற்கப்படும் கணினிகள் பலவற்றில், 1994இல் தொடங்கப்பட்ட ‘ஃப்ரீடாஸ்’ என்னும் இலவச மென்பொருளைப் பெயருக்கு நிறுவி அனுப்புவார்கள். ‘டாஸ் லேப்டாப்’ என்ற பெயர் அதனால் வந்தது. இவ்வகைக் கணினியை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. தேவையற்ற ஒன்றுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது சிக்கனமே. குறை அதற்குப் பின் நடப்பதில்தான் இருக்கிறது.

இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று விசாரிக்கிறோம். வட்டியின் வாடை வீசும் கடனிலிருந்து விலகுகிறோம். ஆனால் உரிமமற்ற மென்பொருளைக் கணினியில் ஏற்றிக்கொள்ளும்போது மட்டும், அது கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதாலோ என்னவோ, நம் பேணுதல் உறங்கிவிடுகிறது. பிறர் பொருளை முறையற்ற வழியில் உண்ணாமல், இருவரும் மனம் ஒப்பிச் செய்யும் வியாபாரத்தின் வழியே பெற வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கும் நெறி. முந்நூறு ரூபாய் பேரத்தில் கடைக்காரர் ஒப்பினார், நாம் ஒப்பினோம். பொருளுக்கு உரியவர் ஒப்பவில்லையே!

‘எழுத்துக்கும் மென்பொருளுக்கும் உரிமை என்று ஒன்று மார்க்கத்தில் உண்டா?’ என்று சிலர் கேட்கக்கூடும். மார்க்க அறிஞர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆயினும் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் முதலியவை உரியவருக்கே சொந்தமான, பொருள் மதிப்புள்ள உரிமைகள் என்றும் அவற்றை மீறக் கூடாது என்றும் தன் 43ஆம் தீர்மானத்தில் தெளிவுபடுத்தியது. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 63பி பிரிவில், உரிமமற்ற நகல் என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது.

‘உலகப் பெரும் பணக்கார நிறுவனத்துக்கு நம் சில ஆயிரத்தால் என்ன நட்டம்?’ என்பது அடுத்த வாதம். உரிமை என்பது உடையவரின் செல்வத்தை வைத்து அளக்கப்படுவதன்று. பெரிய தோட்டக்காரரின் மரம் என்பதற்காக அதன் காய் நமக்கு ஆகுமாகிவிடாது. அடியார்களின் உரிமையில் கைவைத்தால் அதை அவர்களிடமே தீர்த்தாக வேண்டும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

அதேவேளை வாங்குபவரின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. கடைகளில் பெரும்பாலான கணினிகள் விண்டோஸுடன்தான் கிடைக்கின்றன. வேண்டாம் என்றாலும் விலையில் கழித்துத் தருவார் இல்லை. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. தேவையில்லாத இயங்குதளத்தின் விலையைத் திரும்பப் பெற வாங்குபவருக்கு உரிமை உண்டு என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, இயங்குதளத்துடன் சேர்த்து விற்பது மட்டுமே நேர்மையற்ற வணிகம் ஆகிவிடாது என்றது. வழக்கு எப்படி முடிந்தாலும், விரும்பாத பொருளை ஒருவர் தலையில் கட்டுவதற்கு மறுமொழி, அவர் பொருளை நாம் களவாடுவதன்று. அது வேண்டாம் என்று சொல்லி வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதே சரியான மறுமொழி.

அப்படித் தேர்ந்தெடுக்க ஒன்று இருக்கிறது. அதுதான் லினக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் சேர்ந்து உருவானது இது. நகலெடுக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், மாற்றி அமைக்கவும் ஆக்கியோரே அனுமதி எழுதித் தந்திருக்கிறார்கள். இங்கே நகலெடுப்பது களவு ஆகாது. ஆக்கியோரின் விருப்பமே அதுதான்.

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கண்மாய் ஒருவருக்குச் சொந்தமன்று. ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்து கரையை உயர்த்துவார்கள், வரத்துக்கால்வாயைத் தூர்வாருவார்கள். பின் அனைவரும் பாய்ச்சிக்கொள்வார்கள். கட்டற்ற மென்பொருள் கணினி உலகின் கண்மாய். உலகெங்கும் பலர் மராமத்துச் செய்கிறார்கள், நாம் பாய்ச்சிக்கொள்கிறோம்.

இது நமக்குப் புதிதும் அன்று. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்பதும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, அரசு தன் துறைகளுக்கும் அதையே பரிந்துரைத்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை ஒருமுறையேனும் திறந்து பார்த்தார்கள்? வீட்டுக்குள் வந்த நன்மையை அறியாமலேயே அழித்துவிட்டுக் கள்ள நகலைத் தேடிப் போனோம்.

எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போதும் என்று நாம் சொல்லவில்லை. கடைக் கணக்குக்கு டேலி வேண்டும் என்பவருக்கும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளைக் கல்லூரி கேட்கும் மாணவருக்கும் விண்டோஸ் தேவைப்படும். அவர்கள் உரிமத்துடன் கூடிய கணினியை உரிய விலைக்கு வாங்கட்டும். அது தொழிலுக்கும் கல்விக்கும் செய்யும் செலவு. பாடம் எழுத, இணையம் பார்க்க, நிரல் எழுதிப் பழக, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, குர்ஆனை ஓதக் கேட்க என்றால், இவை யாவும் லினக்ஸில் நடக்கும். லிப்ரேஆபிஸ் என்னும் அலுவலகத் தொகுப்பையும் காசின்றிப் பெறலாம்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கணினியில் எதையும் நிறுவாமலேயே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, தொடுதளம், கேமரா ஆகியவை வேலை செய்கின்றனவா என்று கடையிலேயே சோதியுங்கள். விலைச்சீட்டில் இயங்குதளம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் பழைய கணினி இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் போட்டால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். வீண்விரயமும் தவிரும்.

கணினிக் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த முந்நூறு ரூபாயை லினக்ஸ் நிறுவித் தருவதற்கும், ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பதற்கும் கூலியாக வாங்குங்கள். அது உழைப்பின் ஊதியம். பரக்கத் அதில் இருக்கிறது. ஜமாஅத் இளைஞர்கள் நான்கு பேர் பழகிக்கொண்டால், கோடை விடுமுறை மக்தபுடன் இதையும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். கண்மாயில் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியும் எடுக்க வேண்டும் அல்லவா?

அன்று சகோதரர் அந்த டாஸ் லேப்டாப்பையே வாங்கினார். முந்நூறு ரூபாயைக் கொடுக்கவில்லை. மறுவாரம் நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் திருச்சுழி வரை சென்று லினக்ஸ் நிறுவிக் கொடுத்தார். முதல் சில நாள்கள் அச்சு இயந்திரத்தோடு போராட்டம்தான். பிறகு பழகிவிட்டது. மீதமான பணத்தில் மகளின் விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டினார்கள்.

அவள் கேட்ட கேள்வியை இனி ஒவ்வொரு கடையிலும் நாமே கேட்போம், இன்ஷா அல்லாஹ். விலை கொடுக்க வேண்டியதற்கு விலை கொடுப்போம்; இயலாவிட்டால் அனுமதிக்கப்பட்டதைப் பயன்படுத்துவோம். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி நமக்கு இல்லை.